கடலை ஓடும் நான்காவது வளைவும்

கோல்டர் மலையடிவாரத்தில் இருந்த பந்தயத் திடலில், ஒவ்வொரு காருக்கும் சுற்று எழுத ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைக் கார்க்காரனே கூட்டி வர வேண்டும். பெரும்பாலும் அவன் பெண்டாட்டிதான் வருவாள். வெர்டி பிரஸ்னெல் ஆறு வருடம் முப்பத்தெட்டாம் எண் காருக்கு எழுதினாள். தன் கார் கோட்டைத் தாண்டும் கணத்தில் எதிரே இருக்கும் பெரிய கடிகாரத்தைப் பார்த்து அட்டையில் நேரத்தைக் குறிக்க வேண்டும். மற்ற கார்களைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஒரு சுற்று தவறிவிடும், தவறினால் அந்தச் சுற்று ஓடவே இல்லை என்று கணக்கு.

அரை மைல் செம்மண் வட்டம். அவள் கணவன் டாய்ல் அதை இருபத்தாறு நொடியில் சுற்றி வருவான். ஆறு வருடத்தில் அந்த இருபத்தாறு நொடி அவள் உடம்பில் ஏறிவிட்டது. கடிகாரம் இல்லாமலே தலை நிமிரும், கார் அங்கே இருக்கும்.

அறுபத்தெட்டாம் வருடம் ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தலை நிமிர்ந்தது. கார் வரவில்லை.

அதன் பிறகும் நிமிர்வது நிற்கவில்லை. காலுறை மில்லில் ஊசி வரிசைக்கு முன்னால் நிற்கும்போது நிமிர்வாள். தேவாலயத்தில் பாதிரியார் ஜெபம் சொல்லும்போது நிமிர்வாள். யாரோ வரப்போவதைப் போல அவள் வாசல் பக்கம் பார்ப்பதைக் கண்டு சிலர் அவள் பக்கத்தில் உட்காருவதையே விட்டுவிட்டார்கள்.

டாய்லைப் புதைத்த மறுநாள், அவன் தம்பி ஆர்லோவின் கொட்டகையில் நொறுங்கிய காரைப் பிரித்தார்கள். இருக்கையைத் தூக்கியபோது அடியில் நிலக்கடலை ஓடு கிடந்தது. ஒரு கைப்பிடிதான் இருக்கும். கொட்டகையில் இருந்த ஒன்பது ஆண்களும் தொப்பியைக் கழற்றினார்கள். பந்தயக்காரர்களுக்கு ஓட்டோடு கடலை என்றால் சாவு. கார்கள் நிற்கும் இடத்துக்குள் அதை எவனும் கொண்டு வரமாட்டான். கொண்டு வந்தவனை அடித்தே துரத்தியிருக்கிறார்கள்.

"எவனோ வேணும்னே போட்டிருக்கான்," என்றான் ஆர்லோ. "கண்டுபிடிச்சேன்னா அவன் கைய ஒடிச்சு அவன் கையிலயே குடுப்பேன்."

வெர்டி காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

கடலையைக் கொடுத்தது அவள்தான். மில்லில் இரவு வேலை முடித்து டாய்ல் நேராகக் கொட்டகைக்குப் போயிருந்தான், ஒன்றும் சாப்பிடவில்லை. பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி இரண்டும், வீட்டில் ஓட்டோடு வறுத்து வைத்திருந்த கடலையும் ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுத்தாள். அவள் கிழக்குச் சமவெளியில், கடலை விளைகிற மண்ணில் பிறந்தவள். அவளுக்கு அது வெறும் சாப்பாடு.

பையைத் திறந்து பார்த்துவிட்டு டாய்ல் சிரித்தான். "என்னைக் கொல்லப் பாக்குறியாடி?"

"பசியில செத்தா மட்டும் பரவாயில்லையா? யாரும் பாக்காதப்ப தின்னு."

கொடி காட்டக் காத்திருந்த நேரத்தில் காருக்குள்ளேயே தின்றிருக்கிறான். பையைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பு இப்போது எங்கிருந்தோ அவளுக்குக் கேட்கும். அடுப்படியில் விறகு வெடித்தால் ஓடு உடைகிற சத்தம். படுக்கையில் திரும்பினால் காலடியில் ஓடு நொறுங்குகிற சத்தம். பகுத்தறிவு உள்ளவள்தான் அவள். கடலை யாரையும் கொல்லாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சத்தம் கேட்டது.

டாய்லைக் கொன்றது எது என்பதை இரண்டாயிரம் பேர் கண்ணால் பார்த்தார்கள். நான்காவது வளைவில் வெளிப்புற இரும்புத் தடுப்பில் பன்னிரண்டு அடித் துண்டு ஒன்றைக் கழற்றி மாட்டலாம். நின்றுபோன காரை இழுக்க வண்டி உள்ளே வரும் வழி அது. அன்று நாற்பதாவது சுற்றில் இழுவை வண்டி வந்தது, போனது. கழற்றிய துண்டு புல்லில் கிடந்தது. அதைத் தூக்கி மாட்டித் திருகாணி முறுக்க ஐந்து நிமிடம் ஆகும். "ஜனம் கத்துது, பச்சைக் கொடியக் காட்டுங்கடா!" என்று கோபுரத்தில் இருந்து திடலின் உரிமையாளர் டெல்லிங்கர் கத்தினார். துண்டை மாட்டாமலே காட்டினார்கள். அறுபத்திரண்டாவது சுற்றில் டாய்லின் கார் அங்கே சறுக்கியது. திறப்புக்கு அப்பால் ஈட்டி போல நீட்டிக்கொண்டிருந்த தடுப்பின் முனை கதவு வழியாக உள்ளே போனது.

மரண விசாரணை அதிகாரி 'விபத்து' என்று எழுதினார். பாதிரியார் கர்த்தரின் சித்தம் என்றார். ஊர் கடலை என்றது. ஒரு மனிதனின் சாவுக்கு மூன்று காரணம் கண்டுபிடிக்கத் தெரிந்த ஊருக்கு, புல்லில் கிடந்த பன்னிரண்டு அடி இரும்பு கண்ணில் படவில்லை.

வசந்தத்தில் ஆர்லோ அந்தக் காரை நிமிர்த்தி எழுப்பினான். அதே எண். "இந்த ஞாயித்துக்கெழம ஓட்டப் போறேன். நீதான் எழுதணும், வெர்டி. வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்," என்றான்.

அவள் சரி என்றாள். மறுநாள் மில் முடிந்ததும் டெல்லிங்கரைப் பார்க்கப் போனாள்.

"மிஸ்டர் டெல்லிங்கர், நாலாவது வளைவுல அந்தத் துண்ட ஒவ்வொரு தடவையும் திருப்பி மாட்டச் சொல்லுங்க."

அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். குரல் இதமாக இருந்தது. "வெர்டி, கண்ணு, உன் வேதனை எனக்குப் புரியுது. அதனாலதான கடலையவே தடை பண்ணிட்டேன். வாசல்ல போர்டு பாத்தியா? எவ்ளோ பெருசா வச்சிருக்கேன்!"

ஞாயிற்றுக்கிழமை சுற்று எழுதுகிறவர்களின் மேடையில் வெர்டிக்குப் பக்கத்தில் நேடீன் உட்கார்ந்தாள். மில்லில் அடுத்த இயந்திரம் அவளுடையது. அவள் புருஷனும் ஓட்டினான். பச்சைக் கொடி இறங்கியது. முப்பத்தெட்டு வந்தது, வெர்டி குறித்தாள். மறுபடி வந்தது. எட்டு மாதமாக வெற்றிடத்தைப் பார்த்து நிமிர்ந்த தலைக்கு முன்னால் கார் இருந்தது. ஓட்டுகிறவனின் தலைக்கவசம் டாய்லுடையது.

பத்தொன்பதாவது சுற்றில் ஒரு கார் சுழன்று நின்றது. மஞ்சள் கொடி. கார்கள் மெதுவாக ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. துண்டைக் கழற்றிப் புல்லில் போட்டார்கள். இழுவை வண்டி வந்தது, போனது. துண்டைக் கழற்றிய இரண்டு ஆட்களும் அதைத் திருப்பி மாட்டாமல் சிகரெட் பற்ற வைத்தார்கள்.

வெர்டி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"எங்க போற?" என்றாள் நேடீன். "அட்டைய விட்டுட்டுப் போனா ஆர்லோவோட சுத்து எல்லாம் போயிரும்டி!"

"போகட்டும்."

தடை கார்கள் நிற்கும் இடத்துக்கு மட்டும்தான்; பார்வையாளர் பக்கத்தில் கடலை விற்பதை யாரும் தடுக்கவில்லை. விற்பவனிடம் ஒரு பை வாங்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள். திறப்பின் நடுவில், அந்த முனைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஒரு கடலையை உடைத்தாள். பருப்பை வாயில் போட்டுக்கொண்டு ஓட்டை ஓடுதளத்தில் எறிந்தாள். இன்னொன்று. இன்னொன்று.

வழியில் ஆள் மட்டும் நின்றிருந்தால் முன்னால் வந்த கார் ஒதுங்கிப் போயிருக்கும். செம்மண்ணில் வெளுப்பாகக் கிடந்த ஓட்டைப் பார்த்து அப்படியே நின்றது. பின்னால் வந்தவையும் நின்றன. ஒருவரும் தாண்டவில்லை. இருபது கார்களின் உறுமலுக்கு நடுவில் ஆர்லோ இறங்கி ஓடி வந்தான்.

"பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு? என்னையும் கொல்லணுமா?"

"டாய்லுக்குக் கடலை குடுத்தது நான்தான்."

அவன் தலைக்கவசத்தைக் கழற்றினான்.

"பசிச்சவனுக்குக் குடுத்தேன். எட்டு மாசமா நான்தான் கொன்னேன்னு செத்துக்கிட்டு இருக்கேன். இங்க பாரு ஆர்லோ." கையில் இருந்த ஓட்டை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இது இத்துனூண்டு." தடுப்பின் முனையில் ஓங்கித் தட்டினாள். "இது உங்க அண்ணன் நெஞ்சுக்குள்ள போனது. எதுக்குப் பயப்படணும்னு நீயே சொல்லு."

அவன் தடுப்பைப் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்தான். ஒடிப்பேன் என்று சொன்ன கை அது. தொடவில்லை. "நீயா?" என்றான். "நீயா, வெர்டி?" திரும்பிக் காருக்குப் போனான். அதற்குப் பிறகு அவளோடு அவன் பேசியதே இல்லை.

ஒலிபெருக்கியில் டெல்லிங்கரின் குரல் கிழிந்தது. "அந்த ஓட்டப் பெருக்குங்கடா! ஒண்ணு விடாம! அந்தப் பொம்பளைய வெளிய தள்ளிட்டு அந்த இரும்ப மாட்டுங்க. இனிமே அவ உள்ள வரக் கூடாது, எப்பவும் மாட்டி வைங்க!"

நான்கு பேர் மண்டியிட்டு ஓடு பொறுக்கினார்கள். இரண்டு பேர் துண்டைத் தூக்கி மாட்டித் திருகாணியை முறுக்கினார்கள். வெர்டி வெளிப்பக்கம் நின்று கடைசித் திருகாணி வரை பார்த்தாள். பிறகு நடந்தே வீட்டுக்குப் போனாள்.

அன்று முதல் அந்தத் துண்டை மாட்டாமல் பச்சைக் கொடி காட்டுவதில்லை. ஏன் என்று புதிய ஓட்டுநர்கள் கேட்டால், பிரஸ்னெல் விதவை கடலையோடு உள்ளே புகுந்துவிடுவாள், அதற்காகத்தான் என்று சொன்னார்கள். திடலுக்குள் அவளை விடவில்லை. கடையில் அவளைக் கண்டால் ஓட்டுநர்களின் மனைவிகள் வேறு பக்கம் போனார்கள்.

ஜூன் மாதம் அதே இடத்தில் ஆர்லோவின் கார் சறுக்கியது. மாட்டியிருந்த இரும்பில் மோதி, தீப்பொறி பறக்க ஐம்பது அடி உரசிக்கொண்டு போய், மறுபடி ஓடுதளத்துக்கு வந்தது. ஏழாவதாக முடித்தான்.

மறுநாள் மில்லில் இயந்திரச் சத்தத்துக்கு மேல் நேடீன் கத்திச் சொன்னாள். "முடிவெட்டுற கடையில ஆர்லோ என்ன சொன்னான் தெரியுமா? வண்டி பூரா தேடிப் பாத்து, ஒரு ஓடு இல்லாம ஓட்டுனேன், அதான் தப்பிச்சேன்னு மார்தட்டுறானாம். எல்லாரும் ஆமாஞ்சாமி போடுறானுங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது. நீ போய் ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

வெர்டி அறுந்த நூலை ஊசியில் கோத்துக்கொண்டிருந்தாள்.

"பேசட்டும். உசுரோட உக்காந்து பேசுறான்ல," என்றாள். நூலை முடிந்துவிட்டு, நேடீனுக்குக் கேட்டதோ இல்லையோ, "டாய்லும் இப்படி ஏதாவது உளறிக்கிட்டே வீட்டுக்கு வந்திருக்கலாம்," என்றாள்.