கருவாட்டுச் சாக்கும் கொம்பியூட்டர் மெஷினும்

ஸியாத் என்ற பெயரை ஹஃபீலா முதன்முதலில் கேட்டது ஒரு ஏச்சோடுதான். அவளுடைய கூடப்பிறந்த மூத்த நானா அபூசாலி, படகு எஞ்சினைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தார். திரும்பி வந்த எஞ்சினோடு ஒரு திருகாணியும் தனியாகக் கடதாசியில் சுற்றி வந்தது.

"மிச்சமாம்! இது இல்லாமலே ஓடுமாம்! எவன்டா இந்த ஸியாத்?" என்று அவர் முற்றத்தில் நின்று போட்ட சத்தம் கற்பிட்டிச் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும். அதன் பிறகு ஐந்து வருடம் அந்த எஞ்சின் ஒரு நாளும் நடுக்கடலில் நின்றதில்லை.

ஐந்தாம் வருடம் ஹஃபீலாவின் மகள் ஸுல்பிகாவுக்குச் சம்பந்தம் கொண்டுவந்ததும் அதே அபூசாலிதான்.

"ஆலங்குடாப் பொடியன் புள்ள. பேர் ஸியாத்."

"ஆணியத் திருப்பிக் குடுத்தவனா?"

"ஓம். மிச்சத்த வச்சுக்கொள்ளாமத் திருப்பிக் குடுத்தவன். அத யோசிச்சுப் பாரு."

ஹஃபீலா யோசித்தாள். பொடியனின் உம்மா ஜுமானா, தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரை விட்டு உடுத்த உடுப்போடு வந்தவள். ஜுமானாவின் சாச்சி அஸ்ரியா அதற்கு முன்பே கற்பிட்டியில் வாழ்க்கைப்பட்டவள். அந்த அஸ்ரியாதான் ஹஃபீலாவின் கல்யாணத்துக்கு வட்டிலப்பம் அவித்தவள். அந்த ருசி இன்னும் நாக்கில் கிடக்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ஊர் வழமைப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவந்தான். அந்த வீட்டில் இன்னொரு பழைய வழமையும் இருந்தது. மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைக்க மாட்டார்கள். ஒரே ஹோலில் மூன்று முழத் தூரத்தில் இருந்தாலும் கதை ஸுல்பிகா வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும்.

"ஸுல்பிகா, அவருட்டக் கேளு, இன்னும் ஒரு ரொட்டி வேணுமாமா?"

"உம்மாட்டச் சொல்லு, போதும்."

ஸுல்பிகா இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலிக்குது என்பாள்.

கல்யாணமாகி இரண்டாம் வருடம் ஸியாத் வேலை செய்த எஞ்சின் கடை மூடப்பட்டது. கட்டாரில் இருந்த அவன் மச்சான் அக்ரம் உடனே விசா எடுத்து அனுப்பினான். ஸுல்பிகாவுக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். ஹஃபீலாவுக்குப் பழசு ஞாபகம் வந்தது. அவள் புருஷன் ஹயாத்து முகம்மதும் இப்படித்தான் ஒரு விசாவோடு போனவர். பத்தொன்பது வருடம் அங்கேயே இருந்துவிட்டார். ஸுல்பிகா வாப்பாவின் குரலைக் கசெட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை. பேரப்பிள்ளையும் ஃபோனுக்குள் இருக்கிற முகத்தை வாப்பா என்று சொல்லப் போகிறதா?

ஸியாத்துக்கும் போக மனமில்லை. அவனிடம் வேறொரு யோசனை இருந்தது. பள்ளிவாசல்துறைப் பக்கத்து இறால் பண்ணைகளில் குளத்துத் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரங்களுக்குள் நைலோன் பல்சக்கரம் ஒன்று உண்டு. பல் உடைந்தால் புதுசு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதற்குள் இறால் செத்து மிதக்கும். அதை இங்கேயே வெட்டிக் கொடுத்தால் என்ன?

இப்படித்தான் அந்த மெஷின் வீட்டுக்கு வந்தது. கொழும்புக்குக் கருவாடு ஏற்றிப்போன அபூசாலியின் லொறி, திரும்பும்போது இரும்பு, நைலோன் எல்லாம் செதுக்கி வெட்டுகிற ஒரு பழைய சின்ன மில்லிங் மெஷினை ஏற்றி வந்தது. சின்னது என்று பேர்தான். ஆறு பேர் பிடித்து இறக்கினார்கள். சீமெந்துத் தரை ஹோலில் மட்டும்தான் இருந்தது. கதிரைகள் வெளியே போயின.

மெஷினில் கையால் சுற்றுகிற வளையங்கள் மூன்று இருந்தன. ஸியாத் மூன்றையும் கழற்றி, அந்த இடங்களில் மோட்டர் பூட்டி, வயர் இழுத்து, ஒரு பழைய கொம்பியூட்டரோடு கொழுவத் தொடங்கினான்.

"ஸுல்பிகா, அவருட்டக் கேளு, கையால சுத்தத்தானே வளையம் வச்சிருக்கு? அதக் கழட்டுவானேன்?"

"உம்மாட்டச் சொல்லு, கையால சுத்தினா ஒரு பல்லு மாதிரி மத்தப் பல்லு வராது. கொம்பியூட்டர் சொன்னா முப்பது பல்லும் ஒரே அச்சா வரும்."

"என்ட வாயில இருக்கிற பல்லே ஒரே அச்சா இல்ல. இறாலுக்கு என்னத்துக்காம்?"

ஸுல்பிகா இதைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. ஆனால் ஸியாத் சிரித்தது அடுப்படி வரை கேட்டது.

பிளேனுக்குப் பதினைந்து நாள் இருந்தது. அதற்குள் மெஷின் ஒரு பல்சக்கரம் ஒழுங்காக வெட்டிவிட்டால் நிற்பது, இல்லையென்றால் போவது என்று அவன் ஸுல்பிகாவிடம் சொல்லியிருந்தான்.

அந்த நேரம் பார்த்து ஆலங்குடாவில் அவன் தங்கச்சி கல்யாணம். இருவரும் இரண்டு நாள் போனார்கள். வீட்டுக் காவலுக்கு ஹஃபீலா தனியே. கச்சான் காற்று மண்ணை வாரி ஹோலுக்குள் எறிந்தது. மெஷின் மேலெல்லாம் மணல். எதைக்கொண்டு மூடுவது என்று ஃபோன் எடுத்துக் கேட்கலாம். ஸுல்பிகாவின் ஃபோன் கல்யாண வீட்டுச் சத்தத்தில் அடித்துக்கொண்டே கிடந்தது. மருமகனுக்கு நேரே எடுக்கலாமா? நல்ல பெரிய சாக்காக இரண்டு பார்த்து, மெஷினைப் பிள்ளையைப் போர்த்துகிற மாதிரிப் போர்த்தி வைத்தாள்.

கருவாட்டுச் சாக்கு. உப்பு ஊறிய சாக்கு.

திரும்பி வந்து ஸியாத் சாக்கைத் தூக்கியபோது, பளபளவென்றிருந்த நீளத் திருகுத் தண்டுகள் செங்கல் நிறத்தில் துருவேறி இருந்தன. அவன் யாரையும் ஏசவில்லை. தரையில் குந்தி, "அக்ரமுக்குச் சொல்லுவம். போறதுதான் நல்லம்" என்று மட்டும் சொன்னான்.

அடுப்படியில் நின்ற ஹஃபீலா அதைக் கேட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு ஹோலுக்கு வந்தாள். மகள் பக்கம் பார்க்கவே இல்லை.

"மருமகன், சாக்கப் போட்டது நான்தான்."

ஸியாத் பதறி எழும்பிவிட்டான்.

"எஞ்சின் கடல்ல விழுந்தா என்ன செய்வீங்க?" என்றாள் அவள்.

"நல்ல தண்ணியில கழுவி, காயவச்சு, மண்ணெண்ணெயில ஊறப்போடுவம், மாமி."

"அப்ப இதுவும் கடல்ல விழுந்ததுண்டு நினைங்க. கழட்டுங்க. நான் தண்ணி கொதிக்க வைக்கிறன்."

வாசலில் நின்ற ஸுல்பிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அல்லாஹ்வே, இனி எனக்கு வேலயில்ல!"

அன்று முழுக்கக் கழற்றினார்கள், கழுவினார்கள், வெயிலில் போட்டார்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஹஃபீலா தேய்த்த தேய்ப்பில் திருகுத் தண்டின் ஒவ்வொரு புரியும் திரும்ப வெளிச்சம் கண்டது. இரண்டு வருடமாகக் கதைக்காததையெல்லாம் அவள் அந்த ஒரு நாளில் கதைத்துத் தீர்த்தாள். வட்டிலப்பக் கதையை மட்டும் இரண்டு தரம்.

பிளேனுக்கு ஐந்து நாள் இருக்கும்போது மெஷின் முதல் பல்சக்கரத்தை வெட்டியது. ஹஃபீலா பல்லைப் பல்லாக விரலால் தடவி எண்ணினாள். முப்பது. ஒரே அச்சு. அபூசாலி அதைப் பண்ணைக்குக் கொண்டுபோய்ப் பூட்டுவித்தார். மூன்று நாள் இரவும் பகலும் சக்கரம் சுழன்றது. ஒரு பல்லும் போகவில்லை. பண்ணைக்காரர் இன்னும் நாற்பது கேட்டு அனுப்பினார். அன்றே ஸியாத், அக்ரமுக்கு ஃபோன் எடுத்து விசா வேண்டாம் என்றான்.

"மிச்சமா ஆணி கீணி இருந்தாச் சொல்லுடா, வந்து எடுத்துட்டுப் போறன்" என்றார் அபூசாலி.

கதிரைகள் இன்னும் வெளியில்தான் கிடக்கின்றன. மெஷினுக்கு ஹஃபீலா தன் கையால் தைத்த பருத்தித் துணி உறை ஒன்று இருக்கிறது. ஸியாத் இப்போது கற்பிட்டியில், மாமி வீட்டு ஹோலில், மகளை மடியில் வைத்துக்கொண்டு பல்சக்கரம் வெட்டுகிறான்.