பன்றிக் காவலர் பதவிக்கு ஒரே பெயர்

ஒவ்வொரு வருடமும் மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில், பன்றிக் காவலராக யாரைப் போடலாம் என்று தலைவர் கேட்டதும் கொல்லர் ஓபேத் டார்பாக்ஸின் இடது கை மேலே போகும். "ஸ்கொயர் லோத்ராப்" என்பார். வேறு ஒரு வார்த்தை பேச மாட்டார். முதல் இரண்டு மூன்று வருடம் கூடமே குலுங்கிச் சிரித்தது. பிறகு சிரிப்பு செருமலாகத் தேய்ந்தது. அதன் பிறகு அந்தக் கை மட்டும் தனியாக நின்றது. தலைவர் அதைப் பார்க்காததுபோலக் கொஞ்ச நேரம் காகிதத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்.

வலது கையை ஏன் தூக்குவதில்லை என்று ஹார்ட்வெல்லில் யாரும் அவரைக் கேட்டதில்லை. ஊருக்கே தெரிந்த கதை அது.

1787-ஆம் வருடக் குளிர்காலத்தில், கடன் கட்ட முடியாத விவசாயிகளைச் சிறைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நீதிமன்றங்களை மூடச் சொல்லித் துப்பாக்கி தூக்கியவர்களில் ஓபேத்தும் அவர் தம்பி அசாகேலும் உண்டு. ஆளுநரின் படை பனிப்புயலோடு வந்து அவர்களைக் கலைத்தது. ஓபேத் ஒரு வாரத்தில் வீடு திரும்பி, எல்லாரும் ஸ்கொயர் என்று மரியாதையாக அழைக்கும் ஊர் நீதிவான் எலிசூர் லோத்ராப்பின் முன்னறையில் போய் நின்றார். துப்பாக்கியை ஒப்படைத்தார். வலது கையைத் தூக்கி, மாகாணத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தார்.

"காதுல விழல. இன்னொரு தடவ சொல்லு" என்றார் ஸ்கொயர்.

இன்னொரு தடவை சொன்னார். அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேருக்கும் முதல் தடவையே கேட்டிருந்தது.

அசாகேலுக்கு அப்படிச் சத்தியம் செய்து தப்பிக்கும் வழிகூடக் கிடைக்கவில்லை. கலகத் தலைவர்கள் என்று பிடிவாரண்டு போட்டவர்களின் பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. அவன் யாருக்கும் தலைவன் இல்லை. இலையுதிர் காலத்தில் ஒருநாள் ஸ்கொயரின் வேலியில் சாய்ந்துகொண்டு, அவர் குதிரையில் ஏறும்போது பன்றி மாதிரி உறுமிக் காட்டினான். தெருவில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் செய்த தலைமை அவ்வளவுதான். வாரண்டில் லோத்ராப்பின் கையெழுத்து இருந்தது. அசாகேல் எல்லை தாண்டி வெர்மான்ட்டுக்கு ஓடி, முன்பின் தெரியாத ஒருவரின் கொட்டகையில் நெஞ்சுச் சளி கட்டி, மார்ச் கடைசியில் செத்துப்போனான். கோடையில் எல்லாருக்கும் மன்னிப்பு வந்தது.

தம்பியின் மனைவி கெத்சியாள் அழுது முடித்ததும் ஓபேத்திடம் கேட்டது ஒன்றுதான். "அண்ணா, அவரு கெடக்குற எடத்துல பேரு வெட்டி ஒரு கல்லு வைக்கணும்."

"வைக்கிறேன். மொதல்ல அந்த ஆள முடிச்சிட்டு வைக்கிறேன்" என்றார் ஓபேத்.

அடுத்த ஜனவரியில் பிலடெல்பியாவில் நாடு முழுவதுக்குமாக எழுதிய புதிய அரசியல் சட்டம் ஊருக்கு வந்தது. அதை வரி வரியாக வாசித்துப் பேசவே கூடத்தில் இரண்டு நாள் ஆனது. துப்பாக்கி தூக்கியவர்களுக்கு மூன்று வருடம் வாக்கு கிடையாது என்பதால் ஓபேத் மாடிப்படியில் நின்று கேட்டார். நம் உரிமைகளை இதில் எங்கே எழுதியிருக்கிறார்கள், அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருப்பவனை நாம் எப்படிக் கேள்வி கேட்பது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கடைசியில், வேண்டாம் என்றே வாக்களிக்க வேண்டும் என எழுதிக் கொடுத்து, ஸ்கொயர் லோத்ராப்பைப் பிரதிநிதியாகப் பாஸ்டனில் வாக்கெடுக்கும் மாநாட்டுக்கு அனுப்பினார்கள். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் போனார்.

போனவர் வேண்டும் என்று வாக்களித்துவிட்டுத் திரும்பினார். சட்டம் முதலில் வரட்டும், உரிமைகளைப் பின்னால் திருத்தங்களாகச் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், அங்கே நடந்த வாதங்களைக் கேட்டிருந்தால் நீங்களும் மாறியிருப்பீர்கள் என்றெல்லாம் விளக்கினார். ஊர் கொதித்தது.

உண்மையில் அந்தச் சட்டத்தின்மேல் ஓபேத்துக்குப் பெரிய கோபம் இல்லை. ஆனால் ஊரின் கோபம் ஆறுவதற்குள் அதை எடுத்துத் தன் உலையில் வைத்துக்கொண்டார். லாடம் அடிக்க வந்த ஒவ்வொருவரிடமும் குனிந்த தலை நிமிராமல் ஒரே விஷயத்தைச் சொன்னார். ஹார்ட்வெல்லில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருடம் கல்யாணமானவனைப் பன்றிக் காவலராகப் போட்டுக் கேலி செய்வார்கள். அவிழ்ந்து திரியும் பன்றிகளைத் துரத்திப் பிடித்து, தோட்டத்தைக் கிளறாமல் இருக்க மூக்கில் வளையம் மாட்டுவது அவன் வேலை. மனைவியை இழந்த ஸ்கொயர், போன நவம்பரில்தான் பக்கத்து ஊர் விதவை ஒருத்தியை மணந்திருந்தார். வயது ஐம்பத்தொன்பது. இந்த மார்ச்சில் அவரையே போடுவோம் என்பதுதான் ஓபேத் சொன்னது.

மார்ச் கூட்டத்தில் மாவு மில்காரர் யாபேஸ் கிம்பல் எழுந்தார். "தலைவரே, புதுமாப்பிள்ள ஒருத்தர மறந்துட்டோம். முன் வரிசையில வெக்கப்பட்டு ஒக்காந்திருக்காரு பாருங்க."

கைகள் எழுந்தன. எண்ணத் தேவையில்லாத அளவுக்கு எழுந்தன. ஓபேத் வாசலில் நின்று ஸ்கொயரின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சிவந்தது. பிறகு ஸ்கொயர் எழுந்தார்.

"போன வருஷம் சட்டத்துக்குக் கட்டுப்படுங்கன்னு உங்களுக்குச் சொன்னவன் நான். இந்த வருஷம் நானே மாட்டேன்னா நல்லாருக்காது." வலது கையைத் தூக்கி, எல்லாருக்கும் கேட்கும்படி ஒரே தடவையில் பதவிப் பிரமாணம் செய்தார். சிலர் கைதட்டவே செய்தார்கள்.

ஆளைக் குப்புறத் தள்ளினால் நின்றபடியே விழுகிறாரே என்று ஓபேத்துக்கு இருந்தது.

மறுவாரம் ஸ்கொயர் கொல்லுலைக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு டஜன் மூக்கு வளையம் வேண்டும் என்றார்.

"காதுல விழல. இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார் ஓபேத்.

ஸ்கொயருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தொப்பியை மறு கைக்கு மாற்றினார். பிறகு இன்னொரு தடவை சொன்னார். ஓபேத் அவரை மதியம்வரை நிற்க வைத்துவிட்டு, வந்த குதிரைகளுக்கெல்லாம் லாடம் அடித்தார். அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

ஆனாலும் பசி அடங்கவில்லை. ஒரு சனிக்கிழமை தன் பெண்பன்றியின் மூக்கு வளையத்தைக் குறட்டால் கழற்றினார். ஞாயிறு ஆராதனை முடிந்து சனம் வெளியே வருகிற நேரத்தில் அதைத் தெருவில் விட்டார். பனி உருகிய சேறு முழங்கால்வரை இருந்தது. வெள்ளிக் கொக்கி வைத்த செருப்போடு ஸ்கொயர் அதன் பின்னால் ஓடினார். பொய்முடி சேற்றில் விழுந்தது. வேலியோரத்தில் நின்ற யாரோ உறுமிக் காட்டினார்கள். அப்படியே அசாகேலின் குரல் மாதிரி இருந்தது. ஓபேத் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் சிரித்தார்.

ஸ்கொயர் பன்றியைப் பிடித்தார். மண்டியிட்டு வளையத்தை மாட்டினார். மூச்சு வாங்க, ஓபேத்துக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "ஒன் தம்பிய நான் கொல்லல ஓபேத்து. குளிரு கொன்னுச்சு."

"வாரண்டுல கையெழுத்து குளிரா போட்டுச்சு?"

ஸ்கொயர் பொய்முடியை எடுத்து உதறினார். இடுப்பில் செருகியிருந்த குறிப்புப் புத்தகத்தில், அபராதத்துக்காகப் பன்றிக்குச் சொந்தக்காரர் யார் என்று குறித்துக்கொண்டு நடந்தார்.

அந்தக் கேள்விக்குப் பதில் வராததுதான் ஓபேத்தை அத்தனை வருடம் பிடித்து வைத்திருந்தது. வாக்குரிமை திரும்பியதும் ஒவ்வொரு மார்ச்சும் இடது கையைத் தூக்கினார். நடுவில், சொன்னபடி திருத்தங்கள் சட்டத்தில் சேர்ந்தன. ஸ்கொயர் அந்தச் செய்தித்தாளை ஒரு வேலையாளிடம் கொல்லுலைக்குக் கொடுத்தனுப்பினார்.

"நல்ல தாளுன்னு அவர்ட்ட சொல்லு" என்ற ஓபேத், அதில் மூக்கு வளையங்களைச் சுற்றி வைத்தார்.

கெத்சியாள் ஒவ்வொரு இலையுதிர் காலமும் ஆப்பிள் கூடையோடு வருவாள். கல்லைப் பற்றிக் கேட்பாள். ஓபேத் நல்ல கற்பலகை ஒன்றை வாங்கி உலையின் பின்சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அதைக் காட்டுவார். "இன்னும் முடியலம்மா" என்பார். சில வருடங்களுக்குப் பிறகு அவள் ஆப்பிளை மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

1799 ஜனவரியில் ஸ்கொயர் படுக்கையிலேயே செத்துப்போனார். அந்த மார்ச்சிலும் கை எழுந்தது.

"அவருதான் போய்ச் சேந்துட்டாரே, ஓபேத்து" என்றார் தலைவர்.

"தெரியும். எழுதிக்குங்க."

அதன் பிறகு ஓபேத் பன்னிரண்டு வருடம் இருந்தார். பகை முடிந்துவிட்டதா என்று அவரே சொன்னதில்லை. வெர்மான்ட்டுக்கு இரண்டே நாள் பயணம், அவர் போனதும் இல்லை. உலையை விற்றபோது வாங்கியவர் பின்சுவரில் சாய்ந்திருந்த கற்பலகையைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தன.