தவராசா அண்ணையின் கத்தியும் என்னிடமுள்ள உறையும்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மகன் தூங்கியதும் இரண்டு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்திருக்கிறேன். தவராசா அண்ணையின் கத்திகளை வீட்டில் வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும்தான் இது.

மூன்று கிழமைக்கு முன், ஒரு செவ்வாய் காலை, மகனுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய மனைவி மலர் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, அவர் போயிட்டார்." நித்திரையிலேயே மாரடைப்பு. கரண்டி கையிலேயே இருந்தது.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. பழைய படைக் கத்திகள் சேர்த்தார். அவை ஒருநாளும் அவர் வீட்டில் இருந்ததில்லை. சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் வீடுவீடாகச் சோதித்த சுற்றிவளைப்புகளில் நடுங்கிய மலர் அக்கா, "உந்த இழவு ஒண்டும் வாசல்படி தாண்டக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அதனால் எங்கள் வீடுகளில் ஒவ்வொன்றாக வைத்தார். ஞாயிறுகளில் எண்ணெய்ப் போத்தலும் பழைய வேட்டித் துண்டுமாகச் சைக்கிளில் வந்து துடைத்துவிட்டுப் போவார். உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பார்.

"சண்டையெல்லாம் பாத்த சனம் நாங்கள், உமக்கேன் உந்தப் பைத்தியம்?" என்று ஒருநாள் எங்கள் அலுவலகப் பெரிய லிகிதர் கேட்டார். அண்ணை சிரித்தார். "ஐயா, உறைக்குள்ளை திரும்பிப் போன கத்தியைத்தான் நான் சேர்க்கிறன்."

என்னிடம் தந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரித்தானியச் சண்டைக் கத்தி. சுன்னாகம் சந்தையில் ஒரு வியாபாரி வெங்காயச் சாக்குக் கயிறு அறுத்துக்கொண்டிருந்ததைக் கெஞ்சி வாங்கியது. உறை பழுப்புத் தோல், நுனியில் பித்தளை. காற்சட்டையோடு சேர்த்துத் தைக்க நாலு தோல் காதுகள் இருந்தனவாம். ஒன்றை அந்த வியாபாரியின் நாய் தின்றுவிட்டது. "நாய்க்கும் பழசின்ரை அருமை தெரிஞ்சிருக்கு" என்பார்.

மகன் தவழத் தொடங்கியதும் எனக்குப் பயம் பிடித்தது. கத்தியை உறைக்குள் செருகி, கம்பியால் இறுக்கிக் கட்டி, அலுமாரிக்கு மேல் வைத்தேன். மாரி முழுக்க அப்படியே கிடந்தது; மழைக்குள் அண்ணையாலும் சைக்கிளில் வரமுடியவில்லை. அண்ணை வந்து உருவியபோது அலகெல்லாம் துரு, பித்தளையில் பச்சைக் களிம்பு. தோல் ஈரம் குடிக்கும், இரண்டையும் பிரித்துத்தான் வைக்கவேண்டும் என்று முதல்நாளே சொல்லியிருந்தவர். நான் அழுதுவிட்டேன்.

"எட தங்கச்சி, துருவைத் துடைக்கலாம். பிள்ளையின்ரை விரல் அறுந்தா என்னத்தாலை துடைக்கிறது? நீர் செய்தது சரி."

உறையை என்னிடம் விட்டு, கத்தியைப் பிள்ளைகள் இல்லாத ஒரு வீட்டுக்குக் கொண்டுபோனார். எந்த வீடென்று நான் கேட்கவில்லை.

இறப்பதற்கு முதல் ஞாயிறு தொலைபேசியில் பேசினார். "உறையை ஒபிசுக்குக் கொண்டு வாரும். ரெண்டையும் ஒருக்காச் சேர்த்துப் பாக்கோணும் போல கிடக்கு."

"பிள்ளைக்குக் காய்ச்சல் அண்ணை. அடுத்த கிழமை வாறன்."

"ஓம், ஓம், அவனைப் பாரும். உறை எங்கை ஓடப்போகுது?"

உறை ஓடவில்லை. இந்த மேசையில்தான் கிடக்கிறது.

நேற்று மலர் அக்கா கேட்டார்: "முப்பத்தோராம் நாள் படையலிலை அந்தக் கத்தியை உறையோடை வைக்கோணும் பிள்ளை. அந்தாள் உயிரோடை இருக்கேக்கை அதை வாசலுக்கு வெளியிலை நிப்பாட்டினன்."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது மூன்று காதுள்ள ஒரு வெறும் உறையும், "நீர் செய்தது சரி" என்ற வார்த்தையும்தான். அந்த வார்த்தையை இன்னும் என்னால் நம்பமுடியவில்லை.

கத்தி உங்களில் ஒருவரிடம் இருக்கிறது. படையலுக்கு இன்னும் பத்து நாள். யாரிடம் என்று தயவுசெய்து கெதியாகப் பதில் போடுங்கள்.