கைராசிக்காரன்

வீட்டு மேசையடியில் குனிந்து புற ஊதா டார்ச்சை அழுத்தியபோது என் விரல்நுனிகள் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்ந்தன. ஆய்வுக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிவந்த டார்ச். தங்கைக்கு வேடிக்கை காட்டத்தான் எடுத்தேன். சற்று முன்பு, பாசிர் பெனம்பாங்கில் வாங்கிவந்த மீனுக்கு மஞ்சள் தடவிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுத்தான் கழுவியிருந்தேன். தங்கை கைதட்டினாள். நான் டார்ச்சை அணைத்தேன். அந்தப் பச்சையை ஐந்து மாதமாக ஆய்வுக்கூட அளவீட்டு வரைபடத்தில் பார்த்து வந்திருக்கிறேன்.

அது அக்காவின் பச்சை. உடன்பிறந்தவள் அல்ல, ஆய்வுக்கூடத்தில் மூத்தவள், கலும்பாங் ஊர்க்காரி. துத்தநாக ஆக்சைடு என்னும் குறைக்கடத்தியைக் கண்ணாடித் துண்டுகளில் மெல்லிய படலமாக வளர்த்து, புற ஊதா ஒளி பட்டால் அது என்ன நிறத்தில் ஒளிர்கிறது என்று அளப்பது அவள் ஆய்வு. சில துண்டுகளில் பலமான பச்சை வந்தது. முனைவர் பட்டத்தின் கடைசி அத்தியாயமே அதுதான். ஆனால் அளக்கும் கருவியில் அவள் பொருத்திய துண்டில் பச்சை வராது. நான் பொருத்தினால் வரும். "உனக்குத்தான் கைராசி லா தம்பி, நீயே வை" என்று விட்டுவிட்டாள். இடுக்கியில் நழுவுகிறதே என்று, அவள் கணினிப் பக்கம் திரும்பியிருக்கும்போது வெறும் விரலாலேயே வைப்பேன், மதியம் மஞ்சள் தடவிப் பொரித்த மீனைச் சாப்பிட்ட விரலால்.

திங்கட்கிழமை அவள் தேர்வுக் குழு முன் பேச வேண்டும். அன்று சனி. போனில் சொல்ல வாய் வரவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் ஊரை நோக்கிச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டினேன். கோலா குபு பாருவில் மழை பிடித்துக்கொண்டது, நான் வண்டியை நிறுத்தவில்லை. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும் என்ற எண்ணம் கலும்பாங் வரை பின்னால் உட்கார்ந்தே வந்தது.

அவள் வீட்டு வாசலில் நனைந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். "மீன் தின்ன கையை என் தீசிஸ்ல வெச்சியாடா?" என்றாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. "அப்போ நான் வெச்ச துண்டெல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு. அதையெல்லாம் குப்பையில போட்டோமே."

"அக்கா, திங்கள்கிழமை ஒண்ணும் சொல்லாம..."

"வாயை மூடு. நாளைக்கு லேப்புக்கு வா."

ஞாயிறு காலை, படலமே இல்லாத வெறும் கண்ணாடியை என்னைத் தொடச்சொல்லி அளந்தாள். அதே பச்சை. மறுநாள் அந்த வரைபடத்தையே முதலில் காட்டி, தன் கடைசி அத்தியாயம் தவறு என்று குழுவிடம் அவளே சொன்னாள். அதைத் திருத்த இன்னும் ஒரே ஒரு கல்விப் பருவம் கொடுத்தார்கள்.

புதுப் படலங்கள் நாளை உலையிலிருந்து வெளிவருகின்றன. பன்னிரண்டு துண்டுகள். இடுக்கியால் அவள் எடுப்பாள், அவளே பொருத்துவாள். என்னைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லியிருக்கிறாள். பச்சை வருமா என்று இருவருக்கும் தெரியாது. வந்தால், இந்த முறை அது படலத்தின் ஒளியாக இருக்கும்.