லாசரஸின் ஆட்சேபணை

தாம்பரம் மின்சார ரயிலில் டிக்கெட் பரிசோதகர் லாசரஸ் ஏறினால் ஓசிப் பயணிகள் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி ஓடுவார்கள். அப்படியொரு கோபக்காரர். மகளுக்குத் தன் தாயின் பெயரை வைத்தார்: தபீதாள். நாங்களோ பேபி, பேபி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். காதில் விழும்போதெல்லாம் மல்லுக்கு நிற்பார்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் வழுக்கி விழுந்தார். தலையில் அடி. உயிர் பிழைத்தது, பெயர்கள் போய்விட்டன. மகளையே "இந்தாம்மா" என்றார். கல்யாணம் நிச்சயமாகியிருந்தவள் ஒரே பிடியாக நின்றாள். "அப்பா வாயால என் பேரைக் கேட்காம நான் சர்ச்சுல கல்யாணத்துக்கு ஆல்டர் முன்னாடி நிக்க மாட்டேன்."

காலையில் தின்ற இட்லி மறந்துபோகும் மனிதர், ஒருநாள் மார்க்கெட்டில் யாரோ ஒருவன் சட்டையைப் பிடித்தார். "டேய், பல்லாவரத்துல என்னை ஏமாத்திட்டு ரயில்லருந்து குதிச்சவன்தானே நீ?" அவனும் ஆமாம் சார் என்றான். நடந்து ஒன்பது வருஷம்!

டாக்டர் கேட்டுச் சிரித்தார். "கோபம், பயம், சந்தோஷத்தோட பதிஞ்சது மூளையில ஆழமா நிக்கும்மா. அந்த வழியாவே திரும்பியும் வரலாம்."

மகள் போட்டோ காட்டினாள், ஊட்டிவிட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். எல்லாம் அன்பு வழி. நோயாளியைக் கோபப்படுத்த யாருக்கு மனசு வரும்?

பத்து மாதம் ஓடியது. மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்கவே, தாய் ரத்தினபாய் மகளைக் கேட்காமல் சர்ச்சில் விவாக அறிக்கை வாசிக்கச் சொல்லிவிட்டார். சர்ச் குமாஸ்தா நான்தான். ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டச் சோம்பல்பட்டு, வாய்ப்பழக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். ஞாயிறு ஆராதனையில் போதகர் ஐயர் வாசித்தார்: "லாசரஸ் அவர்கள் மகள் பேபி... இந்த விவாகத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்."

வழக்கமாக அந்த இடத்தில் யாராவது இருமுவார்கள், அவ்வளவுதான். அன்று ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது.

"ஆட்சேபணை இருக்கு!" பெண்ணின் அப்பாவே எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "பேபின்னு எங்க வீட்டுல யாரும் இல்ல. எம்மவ பேரு தபீதாள்! எவன்யா எழுதினது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெண்கள் பக்கத்திலிருந்து அவள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா, இன்னொரு தடவை சொல்லுங்கப்பா."

"தபீதாள், தபீதாள்! எத்தனை தடவைதான் சொல்றது?"

பத்து மாதமாக ஒரு தடவைகூடச் சொல்லாதவர் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.