எதிர்க்குழாயில் இருந்த இரத்தம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போகிறவள் நான். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை; இரண்டு தடவை அளந்து ஒரே விடை வந்தால்தான் எதையும் ஒத்துக்கொள்வேன். நீங்கள் நம்பாவிட்டால் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி ஹட்டன் பக்கம். லிந்துலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து யோகன் வருவான், என் வயதுதான், ஹீமோபிலியா. இரத்தம் தானாக உறையாது, ஊசி மருந்து போட்டால்தான் நிற்கும். கொஞ்ச நாளாக அந்த மருந்தும் கேட்கவில்லை, முழங்கால் வீங்கிப் பளபளத்தது. மருந்தையே முறிக்கும் எதிர்ப்பொருள் அவன் உடம்பில் உண்டாகிவிட்டதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். அது உறுதியானால்தான் வேறு மருந்து தருவார்கள். அதற்கு அவன் இரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளியும் மஞ்சள் நீரை மட்டும் எடுத்து, மறுபடி சுழற்றி, உறையவைத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும்.

சுழற்றும் இயந்திரத்தில் குழாய்க்கு அடியில் ரப்பர் மெத்தை இருக்க வேண்டும். எங்களுடையது தேய்ந்துபோயிருந்தது. கேட்டுக் கேட்டு வாய் வலித்தது.

"ஒரு துண்டு ரப்பருக்கா தங்கச்சி இவ்வளவு கோவம்? செருப்ப வெட்டி வைங்க" என்று அலுவலகத்தில் சிரித்தார்கள்.

அன்று காலை யோகனின் குழாயை வைத்தேன். எடை சமமாக இருக்க, எதிரே இன்னொரு குழாயில் பைப்புத் தண்ணீர் பிடித்து வைத்தேன், எப்போதும் செய்வதுதான். சுழலும்போதே உள்ளே சடக்கென்றது. திறந்தால் அவன் குழாய் தூள்தூளாக, இரத்தம் கண்ணாடியோடு கலந்து கிடந்தது. எதிர்க்குழாய் உடையவில்லை. ஆனால் அதில் தண்ணீர் இல்லை. அடியில் சிவப்பு, மேலே மஞ்சள் தெளிவு. நானே பிடித்த தண்ணீர், சத்தியமாக.

வெளியே போய், மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும் என்றேன். யோகனின் அம்மா வெடித்தார்.

"மொத குத்துன எடமே இன்னும் கசியுது மிஸ்! எங்கண்ணனும் இந்த வியாதிலதான் போனாரு. பல்லு புடுங்கி, தோட்டத்து லொறி வரும் வரும்னு லயத்து வீட்டு வாசல்லயே ரத்தம் வடிஞ்சு... அவருக்கு யாரு ஒரு டெஸ்ட்டு எடுத்தாங்க?"

"விடும்மா. தோட்டத்துல சும்மா கெடைக்கிறது என் ரத்தம் மட்டுந்தான், எடுக்கட்டும்" என்று யோகன் கையை நீட்டினான்.

குத்திய இடத்தை வெகுநேரம் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பிடித்திருந்தேன். பிறகு என் செருப்பையே வெட்டி இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினேன். எதிர்க்குழாயில் இருந்ததையும் அதேபோல் தெளியவைத்து, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தண்ணீர்' என்று எழுதி, கொழும்புக் கூடத்தில் வேலை செய்யும் என் தோழிக்கு அதே பெட்டியில் அனுப்பினேன்.

முடிவு வந்ததும் அவளே எனக்குப் போன் பண்ணினாள்.

"யோகனுக்கு எதிர்ப்பொருள் இருக்குடி, மருந்த மாத்தச் சொல்லு. மத்தவருக்கும் ஹீமோபிலியாதான். ஆனா எதிர்ப்பொருளே இல்ல, சாதாரண மருந்து போட்டாலே நின்னுரும். யாரு அவரு? இன்னும் ஏன் போடாம வச்சிருக்கீங்க?"

லயத்து வாசலில் லொறிக்குக் காத்திருந்தவரைத்தான் நினைத்தேன்.

யோகன் இப்போது நடக்கிறான். புது ரப்பரும் வந்துவிட்டது. எங்கள் ஊர் பைப்புத் தண்ணீரில் விரல் மரத்துப்போகும். ஆனால் இன்றைக்கும் எதிர்க்குழாயில் அதைப் பிடித்து நிரப்பியதும், கையில் உடம்புச் சூடு தெரிகிறது.