வீசி விதைத்த வானம்

மகள் நேற்று கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பிரபஞ்சம் உருவான விதத்தைக் கணினியில் ஓட்டிக் காட்டும் படம். கடைசியில் விரியும் ஒளிவலையைத்தான் எல்லோரும் வாய்பிளந்து பார்ப்பார்கள். நானோ முதல் நொடியிலேயே நிறுத்தி, புள்ளிகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். கட்டம் கட்டமாக, ஒழுங்காக. எனக்கு முகம் சூடாகிவிட்டது. இந்த வயதிலும்!

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு குளிர்தேசத்தில் ஆராய்ச்சி மாணவன். ஆதியில் இருந்த பொருளைப் புள்ளிகளாகக் கணினிக்குள் பரப்பி, அதில் எழுந்து விண்மீன் திரள்களுக்கு வித்தான முதல் அலைகளுக்கேற்பச் சற்று நகர்த்தி, பிறகு ஈர்ப்பிடம் விட்டுவிட வேண்டும். சம்மாந்துறை வயற்காரர் மகன் வேறென்ன செய்வான்? வீசி விதைத்தேன். ஓரிடத்தில் அடர்த்தி, ஓரிடத்தில் ஐது. அதனாலென்ன, வயலில் ஐதான இடத்து நெல் மட்டம் வெடித்து, பக்கத்தில் புதுக்கிளை விட்டு, இடைவெளியை மூடிவிடுமே! வானத்துக்கும் அந்தக் குணம் இருக்கும் என்று நம்பிய பெரிய விஞ்ஞானி நான்.

கொத்துக் கொத்தாகப் புள்ளிகள் திரண்ட அழகான படம் வந்தது. விடுமுறையில் ஊருக்குக் கொண்டுபோனேன். வாப்பா அதைத் தன் நெல் ஆலைச் சுவரில் ஒட்டினார். இன்றும் தவிட்டு வாசனை வந்தால் அந்தச் சுவர்தான் ஞாபகம் வரும். நெல் குத்த வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்துச் சொல்வார்:

"அல்லாஹ்ட வானம் எப்பிடி உண்டானண்டு என்ட மகன் கம்பியூட்டருல காட்டிரிக்கான், பாருங்க!"

திரும்பிப் போனதும், அந்த முதல் அலைகளே இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொன்னார் பேராசிரியர். ஓட்டினேன். அலையே இல்லாமலும் கொத்துகள் வந்து நின்றன. அவை வானத்துடையவை அல்ல, என் கை சிந்தியவை. அடர்ந்த இடம் பக்கத்திலிருந்ததையும் இழுத்துக்கொண்டது, ஐதான இடம் இன்னும் வெறுமையானது. வயலுக்கு நேர் எதிர். அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த வெட்கம் ஒரு வாரத்தில் போய்விட்டது.

அடுத்த விடுமுறையில் வாப்பாவிடம் சொன்னேன். ஆலை இயந்திரத்தை நிறுத்திவிட்டு, முழுதும் கேட்டார்.

"அப்ப, நான் சனத்துக்கிட்ட செல்லித் திரிஞ்சதெல்லாம் பொய்யா மகன்?"

"ஓம் வாப்பா" என்றேன். படத்தை அவரே கிழியாமல் உரித்தெடுத்தார். அதுவரை ஒவ்வொரு வரவிலும் "வானத்துப் புதினம் என்ன?" என்றுதான் முதலில் கேட்பார். பிறகு வானத்துச் செய்தி கேட்பது நின்றுபோனது.

சில வருடங்களில் புள்ளிகளைக் கட்டத்தில் அடுக்கிச் சரியான படமொன்று செய்தேன். அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லாரிக்கி மகன்" என்றார். இன்று ஆலையும் இல்லை, வாப்பாவும் இல்லை. அந்தச் சரியான படத்தை அவர் ஒருவருக்கும் காட்டவில்லை.